மூலையில் இருந்த 118

லண்டன் நேஷனல் கேலரியில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. அதன் இடப்பக்கக் கீழ் மூலையில் சிறிதாக 118 என்று ஓர் எண் எழுதியிருக்கிறது. அதை எழுதியது ஓவியரின் கை இல்லை. படத்துக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரர்களாக இருந்த குடும்பத்தார், தங்கள் மாளிகையில் தொங்கிய நூற்றுக்கணக்கான படங்களைக் கணக்கெடுத்தபோது இட்ட அடையாளம் அது. நம் வீடுகளில் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களின் விளிம்பில் பெயர் வெட்டி வைப்போம் அல்லவா, அதே காரியம்தான். பாத்திரம் எத்தனை கை மாறினாலும் அது யார் வீட்டுப் பண்டம் என்பதை அந்தப் பெயர் சொல்லும்.

படத்தில் இருப்பவர் போப் இரண்டாம் ஜூலியஸ். வரைந்தவர் இத்தாலிய ஓவியர் ரஃபேல் என்று இன்று அருங்காட்சியகம் உறுதியாகச் சொல்கிறது. ஆனால் தன்னிடம் வந்து சேர்ந்த பிறகு பல தலைமுறைகளுக்கு, இது ரஃபேலின் மூலப் படத்தைப் பார்த்து யாரோ எழுதிய நகல் என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. அது மாறியது 1970ல். எப்படி மாறியது, மாறியது சரிதானா என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

நாற்காலியில் அமர்ந்தவர்

வழக்குக்குள் போகும் முன் படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாப்லர் மரப் பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் 108.7 சென்டிமீட்டர், அகலம் 81 சென்டிமீட்டர். ஒரு மேசையின் மேற்பலகை அளவுதான். அதற்குள் ஒரு மனிதர் முழங்கால் வரை அடங்கியிருக்கிறார்.

தலையில் சிவப்புத் தொப்பி, தோளில் சிவப்பு வெல்வெட் குறுமேலங்கி, அதன் கீழே மடிப்பு மடிப்பாக வெள்ளை அங்கி. வெண்தாடி மார்பில் இறங்குகிறது. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. தாழ்ந்து, எதையும் பார்க்காத பார்வையாக நின்றுவிட்டன. உதடுகள் இறுகியிருக்கின்றன.

கைகளைப் பாருங்கள். வலது கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை தளர்வாகக் கிடக்கிறது. இடது கையோ நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருக்கிறது. சாய்ந்து இளைப்பாறுபவரின் பிடி அப்படி இருக்காது. எழப் போகிறாரா, எழ முடியாமல் இருக்கிறாரா என்று சொல்ல முடியாத பிடி. ஒரே உடம்பில் ஒரு கை களைத்துக் கிடக்க, மறு கை விட்டுக்கொடுக்க மறுக்கிறது. இந்த ஓவியத்தின் உயிர் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நாற்காலியின் முதுகுத் தண்டுகளின் உச்சியில் பொன்னிறத்தில் பளபளக்கும் குமிழ்கள் இருக்கின்றன. அவை ஓக் மரத்தின் கொட்டைகள். ஜூலியஸ் பிறந்த குடும்பத்தின் பெயர் டெல்லா ரோவரே. ரோவரே என்றால் இத்தாலிய மொழியில் ஓக் மரம். போப்பின் மூன்றடுக்கு மகுடமோ, ஆசீர்வதிக்க உயர்த்திய கையோ படத்தில் இல்லை. பதவியை உடை சொல்கிறது, குலத்தை நாற்காலி சொல்கிறது. மற்றதெல்லாம் ஒரு கிழவரின் தனிமை.

அந்தக் காலத்தில் இது புதுமை. அதற்கு முன்பு போப்புகளைப் பெரும்பாலும் நேர்முகமாகவோ, முழந்தாளிட்டு ஜெபிக்கும் பக்கவாட்டுத் தோற்றத்திலோ வரைவார்கள். ரஃபேல் நம்மை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், சற்று மேலிருந்து பார்க்கும்படி நிறுத்திவிட்டார். அவருடைய அறைக்குள் வந்து, அவர் நிமிர்ந்து பார்ப்பதற்காகக் காத்து நிற்பவரின் இடம் அது. இந்த அமைப்பைத்தான் பிறகு வந்தவர்கள் வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டார்கள். செபஸ்தியானோ டெல் பியோம்போவின் ஏழாம் கிளெமெண்ட், டிஷியனின் மூன்றாம் பவுல், 1650ல் வெலாஸ்குவெஸ் வரைந்த பத்தாம் இன்னொசென்ட் எல்லாம் இந்த நாற்காலியின் வழித்தோன்றல்கள்.

தாடிதான் படத்தின் காலத்தை நமக்குச் சொல்கிறது. போப்புகள் தாடி வளர்க்கும் வழக்கம் அப்போது இல்லை. ஜூலியஸ் பிரெஞ்சுப் படைகளை இத்தாலியிலிருந்து விரட்டப் போரில் இறங்கியிருந்தார். சும்மா ஆணையிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1511 ஜனவரிப் பனியில், 67 வயதில், மிரண்டோலா கோட்டை முற்றுகையில் தானே நின்று, மதில் உடைப்பின் வழியே ஏணியில் ஏறி உள்ளே போனவர். அந்த ஆண்டு மே மாதம் பொலோனா நகரம் அவர் கையை விட்டுப் போனது. ஜூன் மாதக் கடைசியில் ரோமுக்குத் திரும்பியபோது முகத்தில் தாடி இருந்தது. இழந்த நகரத்துக்கான துக்க அடையாளமாக அதை மழிக்காமல் விட்டார். ஆகஸ்டில் நோயில் விழுந்து, பிழைக்கமாட்டார் என்ற நிலைக்குப் போய் மீண்டார். 1512 மார்ச்சில்தான் தாடியை எடுத்தார். ஆகவே ரஃபேல் அவரை இந்த முகத்தோடு நேரில் பார்த்திருக்கக் கூடிய காலம் ரோமில் அந்தச் சில மாதங்கள். ரஃபேலுக்கு அப்போது வயது 28.

அதே மாதங்களில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொலோனாவில் சான் பெத்ரோனியோ ஆலய வாசலுக்கு மேலே, அமர்ந்த நிலையில் ஜூலியஸின் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. செய்தவர் மைக்கலாஞ்சலோ, 1508ல் நிறுவியது. நகரம் கைமாறிய பின், 1511 டிசம்பர் 30 அன்று, எதிரணியினர் அதைக் கீழே தள்ளி உடைத்தார்கள். உலோகம் ஃபெராரா பிரபு அல்போன்சோ டெஸ்தேயிடம் போனது. அவர் அதை உருக்கிப் பீரங்கி வார்த்து, அதற்கு ‘லா ஜூலியா’ என்று பெயரும் வைத்தார். அமர்ந்த ஜூலியஸ் ஒருவர் வெண்கலத்தில் அழிந்த அந்தக் காலத்தில்தான், அமர்ந்த ஜூலியஸ் இன்னொருவர் மரப்பலகையில் உருவானார். பலகைதான் பிழைத்தது.

உடன்பிறந்தார் பிள்ளைகளின் கைகளில்

ஜூலியஸ் 1513 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய படம் ரோமின் வடக்கு வாசலை ஒட்டிய சாந்தா மரியா டெல் போபோலோ ஆலயத்தில் இருந்தது. அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான போப் நான்காம் சிக்ஸ்டஸ் எடுத்துக் கட்டிய ஆலயம் அது; டெல்லா ரோவரே குடும்பத்தின் சொந்தக் கோயில் மாதிரி. அங்கே ரஃபேலின் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று இந்தக் கிழவர். மற்றொன்று, தூங்கி விழித்த குழந்தை இயேசுவின் மேலிருந்து மரியாள் மெல்லிய துகிலை விலக்கும் ‘லொரேட்டோ மாதா’. இரண்டையும் எல்லா நாளும் பார்க்க முடியாது. திருநாட்களில் மட்டும் ஆலயத் தூண்களில் தொங்கவிடுவார்கள். உற்சவத்துக்கு மட்டும் வெளியே எழுந்தருளும் மூர்த்தியைப் போல, ஆண்டில் சில நாட்களே காட்சி.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, பார்ப்பவர்களுக்கு அச்சம் உண்டாகும் அளவுக்கு, அவரே உயிரோடு இருப்பதைப் போல இருக்கிறது என்கிறார். ஜூலியஸின் கோபத்துக்கு ஆளானவர்கள் இன்னும் உயிரோடு இருந்த ஊரில், திருநாள் கூட்டத்தில் தூணைச் சுற்றி வரும்போது திடீரென்று இந்த முகம் எதிர்ப்பட்டால் அப்படித்தான் இருந்திருக்கும்.

1591ல் கர்தினால் பாவ்லோ எமிலியோ ஸ்ஃபோன்ட்ராட்டி இரண்டு படங்களையும் ஆலயத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அப்போதைய போப் பதினான்காம் கிரகோரியின் உடன்பிறந்தான் மகன் அவர். 1608ல் அவருடைய சேகரிப்பு கர்தினால் ஷிப்பியோனே போர்கேசேயிடம் விலைக்குப் போனது. ஷிப்பியோனே அப்போதைய போப் ஐந்தாம் பவுலின் சகோதரி மகன். ஜூலியஸே சிக்ஸ்டஸின் உடன்பிறந்தான் மகன் என்பதால்தான் இளம் வயதில் கர்தினால் ஆனவர். நம் மொழியில் உடன்பிறந்தான் மகனுக்கு ஒரு சொல், சகோதரி மகனுக்கு வேறு சொல். இத்தாலியர்கள் இருவரையும் ‘நிப்போத்தே’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லின் பாதையில்தான் இந்தப் படம் நூறு ஆண்டுகள் நகர்ந்திருக்கிறது.

போர்கேசே குடும்பம் 1693ல் தன் படங்களுக்கு விரிவான பட்டியல் ஒன்று தயாரித்தது. ஒவ்வொரு படமும் எந்த அறையில், என்ன பொருள், யார் கை, என்ன எண் என்று எழுதினார்கள். ஒரு போப்பின் உருவப்படத்துக்கு விழுந்த எண் 118. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பிரெஞ்சுப் படையெடுப்பும் பண நெருக்கடியும் ரோமின் பழைய குடும்பங்களை உலுக்கியபோது பல சேகரிப்புகள் சிதறின. ஜூலியஸின் படமும் அந்த அலையில் போர்கேசே மாளிகையை விட்டுக் கிளம்பியது.

நகல் என்று ஒதுக்கிய காலம்

ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன், கடல் காப்பீட்டுத் தொழிலில் செல்வம் சேர்த்த லண்டன் வணிகர். 1823ல் அவர் இறந்ததும் அவருடைய 38 படங்களை பிரிட்டிஷ் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியது. 1824 மே மாதம், பால் மால் தெருவில் 100ஆம் எண் கொண்ட அவருடைய வீட்டிலேயே நேஷனல் கேலரி திறந்தது. அங்கே பட்டியலில் முதல் எண் பெற்றது, ரஃபேலோடு நேருக்கு நேர் போட்டியிட்டு செபஸ்தியானோ வரைந்த ‘லாசரின் உயிர்ப்பு’. ஜூலியஸுக்குக் கிடைத்த எண் 27. ரோமில் எதிரெதிராக நின்ற ஓவியர்கள் இருவரின் படங்களும் ஒரே வீட்டு விற்பனையில் சேர்ந்து வந்தன.

ஆனால் செபஸ்தியானோவுக்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. காரணம் புளோரன்ஸில் இருந்தது. அங்கே உஃபீசி அருங்காட்சியகத்தில் இதே ஜூலியஸ், இதே நாற்காலி, இதே கைக்குட்டையோடு இன்னொரு படம் இருக்கிறது. அதன் பூர்வீகம் சுத்தமானது. டெல்லா ரோவரே குடும்பம் உர்பினோவை ஆண்டது. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு விட்டோரியா டெல்லா ரோவரே. 1631ல் அவர் வழியாக உர்பினோ அரண்மனைச் சொத்து புளோரன்ஸுக்கு வந்தபோது படமும் கூடவே வந்தது. போப்பின் சொந்தக் குடும்பத்தின் வீட்டிலிருந்து வந்த படம் ஒரு பக்கம். எங்கிருந்து வந்தது என்ற தொடர் அறுந்துபோன லண்டன் படம் மறுபக்கம். எதை மூலம் என்பீர்கள்?

இந்த முடிவுக்கு வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த ஆதாரத்துக்கு அது நியாயமான முடிவு. அதோடு, அந்தக் கால இத்தாலியில் நகல் எடுப்பது கைதேர்ந்த தொழில். டிஷியனைப் போன்ற பெரும் ஓவியரே 1540களில் இந்த ஜூலியஸைப் பிரதி எடுத்திருக்கிறார்; அது இன்று புளோரன்ஸின் பித்தி அரண்மனையில் இருக்கிறது. வசாரி சொல்லும் இன்னொரு சம்பவம் இதைவிட அழுத்தமானது. ரஃபேல் வரைந்த போப் பத்தாம் லியோ படத்தை மந்துவா பிரபு கேட்டார். கொடுக்க மனமில்லாத புளோரன்ஸ்காரர்கள் ஆந்திரேயா டெல் சார்த்தோவைக் கொண்டு ரகசியமாக ஒரு நகல் எழுதி அனுப்பிவிட்டார்கள். மந்துவாவில் இருந்த ஜூலியோ ரொமானோ, ரஃபேலின் பிரதான சீடர். மூலப் படத்தில் தானே தூரிகை பிடித்தவர். அவரே நகலைப் பார்த்து, என் கை பட்ட இடம் இதோ என்று காட்டினாராம். உண்மையைச் சொன்ன பிறகுதான் நம்பினார். தன் தூரிகைத் தடத்தையே ஒருவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமென்றால், முந்நூறு ஆண்டு கழித்து, பழுத்து மஞ்சளேறிய வார்னிஷுக்கு வெளியே நின்று பார்ப்பவரின் கண்ணை மட்டும் நம்பி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஆனால் ஒன்று எனக்கு வலிக்கிறது. ‘நகல்’ என்ற சொல் விழுந்த பிறகு ஒரு படத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சுவரில் ஓரமான இடம், பட்டியலில் ஒரு வரி, ஆய்வாளர்களின் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு என்று அது சுருங்கிவிடுகிறது. அந்தத் தளர்ந்த கையும் இறுகிய கையும் அவ்வளவு காலமும் அதே பலகையில்தான் இருந்தன.

பச்சைத் திரைக்குப் பின்னால்

திருப்பத்துக்கு இரண்டு பாதைகள் வந்து சேர்ந்தன. ஒன்று காகிதப் பாதை. போர்கேசே குடும்பத்தின் 1693 பட்டியலை, ரோமின் போர்கேசே காட்சியகத்தை நிர்வகித்த அறிஞர் பவோலா டெல்லா பெர்கோலா 1960களில் பதிப்பித்து வெளியிட்டார். அதுவரை ஆவணக் காப்பகத்தில் இருந்த கணக்கு, அச்சில் எல்லார் மேசைக்கும் வந்தது. வரி வரியாகப் படங்களின் விவரமும் எண்ணும் கிடைத்ததும், உலகில் எங்கெங்கோ சிதறிக் கிடந்த படங்களின் மூலைகளில் இருந்த எண்களுக்கு அர்த்தம் வரத் தொடங்கியது. லண்டன் படத்தின் மூலையில் 118. பட்டியலில் 118 ஒரு போப்பின் உருவப்படம். அறுந்துபோன தொடர் அங்கே ஒட்டிக்கொண்டது: போபோலோ ஆலயம், ஸ்ஃபோன்ட்ராட்டி, போர்கேசே, லண்டன்.

பட்டியலைப் பதிப்பிப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள். பழைய கையெழுத்து, அறை அறையாகப் படங்கள், சட்டம் பொன்பூச்சா இல்லையா, அளவு எத்தனை சாண் என்று பக்கம் பக்கமாக. அதில் கண்டுபிடிப்பின் பரபரப்பு எதுவும் கிடையாது. ஆனால் அந்த உழைப்பு இல்லையென்றால் 118 இன்றும் வெறும் இலக்கம்தான்.

மற்றொரு பாதை படத்துக்குள்ளேயே போனது. நேஷனல் கேலரியின் செசில் கூல்ட் முன்னின்ற ஆய்வில் பலகையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எண்ணெய் ஓவியத்தில் எக்ஸ்ரே வேலை செய்யும் விதம் எளிது. ஈயம் கலந்த வண்ணங்கள், முக்கியமாக வெள்ளை, கதிரை மறிக்கும். படலத்தில் வெளுப்பாகத் தெரியும். வேறு பல வண்ணங்கள் கதிருக்கு வழிவிட்டுவிடும். ஆகவே மேலே தெரியும் படத்தின் அடியில் முன்பு தீட்டிய அடுக்கு ஏதும் இருந்தால், அது நிழல்போல எழுந்துவரும்.

ஜூலியஸுக்குப் பின்னால் இன்று நாம் பார்ப்பது பச்சைத் திரை. ஏறக்குறைய வெறுமையான பச்சை. எக்ஸ்ரேயில் அந்தப் பச்சைக்கு அடியில் வேறொரு துணி தெரிந்தது. நேர்வரிசையாக மேலிருந்து கீழே அடுக்கிய கண்ணீர்த்துளி வடிவங்கள், அவற்றுக்குள் குறுக்காக வைத்த சாவிகள். அவை புனித பேதுருவின் சாவிகள். போப் பதவியின் முத்திரை. அதாவது ரஃபேல் முதலில் கிழவரின் முதுகுக்குப் பின்னால் அதிகாரத்தின் சின்னங்கள் நிறைந்த பட்டுத்திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதைத் தீட்டியும் விட்டார். பிறகு மனம் மாறி முழுவதையும் பச்சையால் மூடிவிட்டார்.

வழக்கின் முதுகெலும்பு இதுதான். நகல் எடுப்பவர் கண்முன் முடிந்த படம் ஒன்று இருக்கும். பின்னணி என்ன நிறம் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். வேறொன்றைப் பொறுமையாகத் தீட்டி, பிறகு அதை மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. யோசித்து, தவறி, திருத்தி, இன்னும் சரியான இடத்தைத் தேடிப் போகிறவர்தான் இப்படிச் செய்வார். பச்சைத் திரையோடு இருக்கும் மற்ற பிரதிகள் எல்லாம் இந்தத் திருத்தத்துக்குப் பிந்திய நிலையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. திருத்தம் நடந்த பலகை அவற்றுக்கு முந்தியது.

கூல்ட் 1970ல் தன் முடிவை வெளியிட்டார். படத்தைச் சுத்தம் செய்ததும் சதையின் நிறமும் வெல்வெட்டின் பளபளப்பும் வெளிவந்தன. பல தலைமுறைத் தீர்ப்பு தலைகீழானது; லண்டன் படமே மூலம், உஃபீசி படம் பிரதி என்ற கருத்து பெரும்பாலான அறிஞர்களிடம் நிலைபெற்றது.

அந்தச் சாவிகளை ரஃபேல் ஏன் மூடினார் என்பதுதான் என்னை அதிகம் இழுக்கிறது. படத்தின் நகலை வைத்துக்கொண்டு பின்னணியில் சாவிகளை மனதில் தீட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சின்னங்கள் வந்தவுடன் கண் அவற்றில் ஓடிப்போகிறது. முகம் அந்த வடிவங்களில் ஒன்றாகிவிடுகிறது. பச்சையை விரித்தவுடன் சத்தம் அடங்கிய அறை மாதிரி ஆகிறது. சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை; எனவே குறுமேலங்கியின் சிவப்பு கனன்று முன்னே வருகிறது, வெண்தாடி ஒளிர்கிறது, தாழ்ந்த கண்களைத் தவிர வேறு எங்கும் பார்வை நிற்க இடமில்லை. பதவியை அறிவிக்கும் படம் ஒரு மனிதரைப் பற்றிய படமாக மாறியது அந்தப் பச்சையில்தான். போப் உருவப்படங்களுக்கு இருநூறு ஆண்டு வாய்ப்பாடாக நின்ற அமைப்பு, ஒரு 28 வயது இளைஞர் தான் உழைத்துத் தீட்டியதைத் தானே அழித்த கணத்தில் பிறந்தது என்று எக்ஸ்ரே காட்டுகிறது.

எதிர்வாதம்

தீர்ப்பை எல்லாரும் ஏற்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பெக் 1996ல் இதைக் கடுமையாக மறுத்தார். சிஸ்டைன் சிற்றாலய ஓவியங்களைச் சுத்தம் செய்த முறையைப் பகிரங்கமாக எதிர்த்தவர் அவர். அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள படங்களுக்குத் தாங்களே பெரிய பெயர் சூட்டுவதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்.

இந்தப் பக்கத்து வாதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய பலம் இருக்கிறது. 118 என்ற எண், இந்தப் படம் போர்கேசே வீட்டில் இருந்தது என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. போர்கேசே வீட்டில் இருந்தது ரஃபேலின் கைப்பட எழுதிய மூலம்தான் என்பதை நிரூபிப்பதில்லை. அதற்கு முந்தைய கண்ணிகளை நாம் ஆவணங்களிலிருந்து கோக்கிறோம். கர்தினால் எடுத்துப் போனது ஆலயத்துப் படம். அவரிடமிருந்து வாங்கியவர் போர்கேசே. போர்கேசே பட்டியலில் இருப்பது அதே படம். ஒவ்வொரு கண்ணியும் உறுதிதான். ஆனாலும் எண் தனியாக நின்றால் நானும் தயங்குவேன்.

தயக்கத்தை நீக்குவது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்டுவதுதான். காகிதம் பலகையின் உள்ளே பார்க்கவில்லை. எக்ஸ்ரே 1693 பட்டியலைப் படிக்கவில்லை. இரண்டும் தனித்தனியே வந்து இதே பலகையில் சந்திக்கின்றன. அதற்கு மேல் மூன்றாவது சாட்சியாகத்தான் கண்ணைக் கூப்பிட வேண்டும். கண்ணை முதலில் கூப்பிட்டதால் வந்த வினைதான் அந்த நீண்ட காலத் தவறு.

2010ல் இன்னொரு ஜூலியஸ் களத்துக்கு வந்தார். பிராங்பர்ட்டின் ஸ்டேடல் அருங்காட்சியகம் இதே அமைப்பில் ஒரு பலகை ஓவியத்தை வாங்கி, ரஃபேலும் அவருடைய பட்டறையும் வரைந்தது என்று அறிவித்தது. அதை ஆராய்ந்தபோது அங்கேயும் தீட்டும்போது செய்த மாற்றங்களின் தடங்கள் தெரிந்தன. 2013ல் அந்தப் படத்தை மையமாக வைத்துக் கண்காட்சியும் நடத்தினார்கள். மற்ற அறிஞர்கள் பலர் ரஃபேலின் பெயரை அதற்குக் கொடுக்கத் தயங்கினார்கள். விவாதம் காரசாரமாக நடந்தது.

ஸ்டேடல் படம் கூல்டின் வாதத்துக்கு ஒரு நல்ல திருத்தத்தைத் தருகிறது. மாற்றம் இருந்தாலே மூலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. பட்டறைகளில் ஒரே வரைமூலத்தை வைத்துப் பல படங்கள் பக்கத்துப் பக்கத்தில் உருவாகும். பிரதி எடுப்பவரும் விரலின் விளிம்பையோ தாடியின் ஓரத்தையோ தன் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். மாற்றம் எத்தகையது என்பதுதான் கேள்வி. விளிம்பு நகர்வது வேறு, பின்னணி முழுவதையும், அதன் பொருளையே, தூக்கிப் போடுவது வேறு. லண்டன் பலகையில் நடந்தது இரண்டாவது. அதனால்தான் எதிர்வாதங்களையெல்லாம் மதித்துப் படித்த பிறகும் என் ஓட்டு லண்டனுக்கே.

உஃபீசி படம் இதனால் தாழ்ந்துவிடவும் இல்லை. ஒரு குடும்பம் தன் பெரியவரின் முகத்தைத் தன் அரண்மனையில் வைத்துக்கொள்ள விரும்பி, திறமையான கையால் எழுதி வாங்கிய படம் அது. உர்பினோவில் தலைமுறை தலைமுறையாக அந்த முகத்தைத்தான் அவர்கள் தங்கள் முன்னோராகப் பார்த்திருக்கிறார்கள்.

ஜோடிப் படம்

118 திறந்துவிட்ட கதவு வழியாக இன்னொரு படமும் வந்தது. போபோலோ ஆலயத்தில் ஜூலியஸோடு சேர்ந்து தூணில் தொங்கிய ‘லொரேட்டோ மாதா’வின் மூலம் தொலைந்துபோனது என்றே பல காலம் எண்ணினார்கள், ஏராளமான நகல்கள் மட்டும் உலகெங்கும் இருந்தன. பாரிஸுக்கு வடக்கே சான்டிலியில் உள்ள கோந்தே அருங்காட்சியகத்திலும் ஒன்று, நகல் என்ற பெயரோடு இருந்தது. 1970களின் கடைசியில் அதையும் ஆராய்ந்தார்கள். அதன் கீழ் மூலையில் 133 என்ற எண். அதே 1693 பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருந்தது இந்த மாதா. இரண்டு படங்களும் ஒரே ஆலயத்திலிருந்து ஒரே கர்தினாலின் கையில் ஒரே மாளிகைக்குப் போய், ஒரே மாதிரி நகல் என்று பெயர் வாங்கி, ஒரே பட்டியலால் மீண்டிருக்கின்றன.

கோந்தே அருங்காட்சியகத்தின் சேகரிப்பை பிரான்ஸுக்கு விட்டுச்சென்ற ஓமால் பிரபு, அங்குள்ள படங்கள் எதையும் வெளியே கடன் கொடுக்கக் கூடாது என்று உயிலில் விதித்திருக்கிறார். திருநாளில் தூணுக்குத் தூண் எதிரெதிரே தொங்கிய அந்த இரண்டு பலகைகளும் மறுபடி ஒரே அறையில் சேர வேண்டுமானால், தாயும் பிள்ளையும் சான்டிலியை விட்டு வர முடியாது. கிழவர்தான் நாற்காலியோடு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போக வேண்டும்.